அது சொன்னது இருபத்தாறு நிமிசம்

யூபிஎஸ் பெட்டி ஒன்றோடு கோபித்துக்கொண்டு மூன்று நாள் அதன் பக்கம் திரும்பாமலே இருந்த மனிதரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். அவருடைய கடையில் மூன்று வருடம் வேலையும் செய்திருக்கிறேன். கரண்டு போனதும் கணினி பொசுக்கென்று அணைந்துவிடாமல் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியை உலகத்தில் எத்தனையோ பேர் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்திருக்கிறார்கள். அதை நம்பி, அதனிடம் ஏமாந்து, அதை மன்னித்து, மறுபடியும் அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தவர் எங்கள் பற்றறி அண்ணை ஒருவர்தான். இதை நெடுந்தீவில் எந்தச் சந்தியிலும் நின்று சொல்லுவேன். இல்லை என்கிறவர் முன்னுக்கு வரட்டும்.

அவருக்கும் ஒரு ஞானஸ்நானப் பெயர் இருந்தது. கோயில் பதிவேட்டில் அது பத்திரமாக இருக்கிறது. தீவில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவருடைய மனைவி பிலோமினா அக்காகூட, "உந்தப் பற்றறியைக் கூப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்றுதான் ஆளனுப்புவா. இறங்குதுறையிலிருந்து வருகிற வீதியில், கடலைப் பார்த்தபடி அவருடைய கொமினிக்கேசன் இருந்தது. போட்டோக் கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரோடு படத்தில் பேச வைப்பது, இவைதான் தொழில். இரண்டு கணினி, ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஐந்து கதிரை. நட்ட நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் கையால் பின்னிய வெள்ளைத் துணி விரித்து, அந்தத் துணியின்மேல் யூபிஎஸ். வீட்டில் மாதா சுரூபத்துக்குக்கூட அப்படியொரு துணி இல்லை என்பது பிலோமினா அக்காவின் நீண்டகால மனக்குறை.

அது வாயில்லாத சாதாரண யூபிஎஸ் இல்லை. கொழும்பிலிருந்து எடுப்பித்த, பேசுகிற யூபிஎஸ். ஒரு வயரால் கணினியோடு தொடுத்துவிட்டால், பற்றறியில் எத்தனை வீதம் இருக்கிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது, உள்ளே எத்தனை பாகை சூடு, கரண்டு போனால் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எல்லாவற்றையும் கணினித் திரையின் ஒரு மூலையில் காட்டிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பார்கள். இவர் அந்த மூலையைப் பார்ப்பார்.

எனக்கு இதெல்லாம் சுத்த விசர் வேலையாகவே பட்டது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டும் விட்டேன்.

"அண்ணை, கரண்டு போனா லைற் நிக்கும். ஃபான் நிக்கும். குருடனுக்கும் தெரியும். அதைச் சொல்லுறதுக்கு ஒரு மெசின், அந்த மெசின் சொன்னதைப் பாக்க ஒரு ஆள். இது தேவையோ?"

"பிள்ளை, கரண்டு போனது எல்லாருக்கும் தெரியும். இது எப்ப சாகும் எண்டு ஆருக்குத் தெரியும்? நீர் சொல்லும் பாப்பம்."

"அதுதான் அதிலையே எழுதிக் காட்டுதே. இருபத்திநாலு நிமிசம் எண்டு."

அண்ணை என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது பொய்" என்றார்.

பிறகு லாச்சியைத் திறந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து எனக்கு முன்னால் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம், 'அது சொன்னது'. வலப்பக்கம், 'அது செய்தது'. சொன்னது இருபத்திநாலு, செய்தது பதினொன்று. சொன்னது இருபத்திரண்டு, செய்தது ஒன்பது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு, யூபிஎஸ்ஸின் வயரைச் சுவரிலிருந்து தானே கழற்றி, கைக்கடிகாரத்தோடு அதன் முன்னால் குந்தியிருந்து, அது உயிரை விடும்வரை பார்த்து எழுதியவை எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. புதுப் பற்றறி போட்ட அன்று மட்டும் சொன்னது முப்பது, செய்தது இருபத்தெட்டு. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

"அப்ப என்னத்துக்கு அண்ணை உந்தப் பொய்யைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"ஒரே மாதிரிப் பொய் சொல்லுறவனோட சீவிக்கலாம் பிள்ளை. எவ்வளவு கழிக்கவேணும் எண்டு பழகிப்போடும்."

அவர் பழகியிருந்தார். எங்கள் தீவுக்குக் கரண்டு பெரிய தரையிலிருந்து வருவதில்லை. தீவுக்குள்ளேயே இயந்திரம் ஓடுகிறது. அது போனால் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. கடையில் யாராவது பாரிசோடோ கனடாவோடோ பேசிக்கொண்டிருக்கும்போது கரண்டு போகும். யூபிஎஸ் தாங்கும். அண்ணை மூலையில் காட்டுகிற நிமிடத்தைப் பார்ப்பார், மனத்துக்குள் கழிப்பார், பிறகு எழுந்து நின்று கடை முழுக்கக் கேட்கக் கத்துவார்.

"இன்னும் நாலு நிமிசம்! முக்கியமானதைக் கதையுங்கோ!"

இந்தச் சத்தம் எங்கள் தீவின் குணத்தையே மாற்றிவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். இருபது நிமிடமாக மழை, மீன், ஆட்டுக்குட்டி என்று அளந்துகொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். சுவிசில் இருந்த ஒரு மாப்பிள்ளை ஏழு மாதமாகப் பெண்ணிடம் அங்குள்ள பஸ் நேரசூசியைத் தவிர வேறொன்றும் பேசாதவர். அண்ணை கத்தியதும் மூச்சு விடாமல் நாலு நிமிடத்தில் சொல்லவேண்டிய அத்தனையையும் சொல்லி முடித்துவிட்டார். போட்டோக் கொப்பிக்கு வந்து நின்ற இரண்டு கிழவர்கள் வெட்கப்பட்டு வெளியே போய் நின்றார்கள்.

எல்லாரிடமும் போன் வந்த பிறகும் சனம் கடைக்குத்தான் வந்தது. வீட்டிலிருந்து பேசினால் நாலு நிமிடம் என்று சொல்ல ஆளில்லையே! ஒரு தாய் அண்ணையிடம் இரகசியமாக வந்து கேட்டதை நானே என் காதால் கேட்டேன்.

"தம்பி, கரண்டு நிக்காட்டிலும் பரவாயில்லை, ஒரு பத்து நிமிசத்திலை சும்மா ஒருக்காக் கத்திவிடுங்கோவன். இவன் கடைசி நாலு நிமிசத்திலைதான் உண்மையைச் சொல்லுறான்."

"ஐயோ அக்கா, அது ஏலாது" என்றார் அண்ணை. "பொய் சொல்லுறது யூபிஎஸ்ஸின்ரை வேலை. நான் அதுக்குள்ளை போகமாட்டன்."

நானும் அந்த நாலு நிமிடத்தில் வளர்ந்தவள்தான். அப்பா பாரிசுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் நேரே கடைக்குப் போவோம். அப்போது இருந்தது வாயில்லாத பழைய யூபிஎஸ். ஒரு ஞாயிறு அப்பா, "பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினார். கரண்டு போனது, யூபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டது, திரை கறுத்துப்போனது. நான் அந்த நிலத்திலேயே விழுந்து புரண்டு அழுதேன். அடுத்த ஞாயிறு கேட்டால் அப்பாவுக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. அடுத்த மாதம் படகில் பேசுகிற யூபிஎஸ் வந்து இறங்கியது. என்னுடைய அழுகைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று பிலோமினா அக்கா சொல்லுவா. அண்ணை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "பழையது பழுதாப் போச்சு, அதாலை மாத்தினனான்" என்று போட்டோக் கொப்பி மெசினைப் பார்த்துச் சொல்லுவார்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரு பேச்சும் பாதியில் அறுந்ததில்லை. ஆனால் அம்மாவுக்கு மட்டும் அந்த நாலு நிமிடத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை. அண்ணை கத்துவார். அம்மா சேலைத் தலைப்பைத் திருகுவா. "சாப்பிட்டீங்களோ? குளிருக்குத் தொப்பி போடுறனீங்களோ?" அவ்வளவுதான். நாலு நிமிடமும் தொப்பியிலேயே போய்விடும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மத்தியான நேரத்துப் பற்றறி அண்ணையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் படகு இல்லை, ஆளில்லை. கடற்காற்று வாசலால் வந்து காகிதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாசலால் போகும். வெளியே தீவின் காட்டுக் குதிரைகள் இரண்டு மூன்று வெயிலுக்கு ஒதுங்கி மதிலோரம் நின்றபடி தூங்கும். யூபிஎஸ் தன் திரையில் கரண்டின் ஏற்ற இறக்கத்தை ஒரு பச்சைக் கோடாக வரைந்துகொண்டிருக்கும். அண்ணை நாடியில் கைகொடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தபடி இருப்பார்.

"இப்ப மீன் கூலரிலை ஐஸ் போடுறாங்கள்" என்பார் மெதுவாக. கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். "இது பள்ளிக்கூடத்துத் தண்ணி மோட்டர்." இன்னொரு பள்ளம். "இப்ப சனம் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டுது." கோடு நேராக, அசையாமல் போகும். ஒரு தீவு முழுவதும் பாயை விரித்துச் சரிந்துவிட்டதை ஒரு பச்சைக் கோட்டில் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் இருப்போம். எனக்கும் கண் சொருகும். எங்கோ தூரத்தில் படகு இயந்திரம் கேட்பதுபோல இருக்கும், பிறகு அது காற்றாகிவிடும். அந்த மத்தியானங்களில் நான் அவரை எதிர்த்து ஒன்றும் கதைத்ததில்லை.

ஆனால் மனிதர் அதோடு நின்றாரா? யூபிஎஸ்ஸுக்கு என்ன நடந்தாலும் போனுக்குத் தகவல் அனுப்புகிற வசதி ஒன்று அதில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றோடு எங்கள் நிம்மதி போனது. பூசையில் போன் கீச்சிடும். செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே கீச்சிடும். ஒருநாள் யூபிஎஸ்ஸுக்கு அரைப் பாகை சூடு கூடிவிட்டதென்று சோற்றுக் கையோடு ஓடிப்போய் விசிறியால் விசுக்கிக்கொண்டு நின்றார். பிலோமினா அக்கா வாசலில் வந்து நின்று ஊரைக் கூப்பிட்டா.

"எனக்கு நாலு நாளாக் காய்ச்சல். இந்த மனுசன் நெத்தியிலை ஒரு கை வைக்கேல்லை. உந்தச் சனியனுக்கு அரைப் பாகை கூடினோடனை விசுக்கிறார்!"

"உனக்குக் காய்ச்சல் எண்டு எனக்கொரு தகவலும் வரேல்லையே" என்றார் அண்ணை, உண்மையான வருத்தத்தோடு. அவர் ஒரு கிழமை வெளி விறாந்தையில் படுத்தார்.

எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை ஊர்காவற்றுறை. அப்பாவுடைய அகதி வழக்கு அங்கே இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பதினைந்து வருடமாக, "உன்ரை கலியாணத்துக்கு எப்பிடியும் வந்து நிப்பன்" என்று சொல்லிவந்த மனிதர் அந்த ஞாயிறு திரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, நீ தாலி வாங்கிறதை மட்டும் எனக்குக் காட்டிப்போடு. வேறை ஒண்டும் வேண்டாம்."

அண்ணை அன்றைக்கு நாலு நிமிடம் என்று கத்தவில்லை. கரண்டு இருந்தது. போட்டோக் கொப்பி மெசினை நோண்டிக்கொண்டிருந்தவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு நாளும் கடைக் கதவைச் சாத்திவிட்டு யூபிஎஸ்ஸைப் பரீட்சை பண்ணினார்.

கலியாணப் பூசை காலை பத்து மணிக்கு. எங்கள் கோயில் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய பழைய கோயில். சுவர் இரண்டு முழத் தடிப்பு. உள்ளே போனால் போனில் ஒரு சிக்னல் கோடும் வராது. அதனால் அண்ணை ரவுட்டரை ஒரு கம்பில் கட்டி யன்னலுக்கு வெளியே நட்டார். கடைக் கணினியை ஒரு தூணோரம் வைத்தார். பக்கத்தில் முக்காலி, வெள்ளைத் துணி, யூபிஎஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வீடியோக்காரர் தன் கமராக்களை அந்தக் கணினியோடு தொடுத்தார். போதாததற்குச் சனம் பார்க்கவென்று ஒரு பெரிய திரையும் கொண்டுவந்து அதையும் யூபிஎஸ்ஸில் செருகினார். திரையில் அப்பா. அங்கே விடிந்தும் விடியாத நேரம். கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு குசினிக்குள் நின்றார். பின்னால் அவரோடு அறையில் இருக்கிற நாலு பேர் இடுப்பில் சாரத்தோடு வரிசையாக நின்றார்கள்.

பாதர் பிரசங்கத்தைத் தொடங்கினார். இயேசு சாடித் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்க் கலியாணம். எங்கள் பாதர் கானாவூருக்குப் போனால் கெதியில் திரும்பி வரமாட்டார். ஆறு கற்சாடிகளில் முதலாவது சாடிக்கு வந்தபோது கோயிலில் மின்விசிறிகள் எல்லாம் மெல்ல மெல்ல நின்றன.

கரண்டு போய்விட்டது. தாலி இன்னும் பீடத்தில் தட்டத்தில் இருக்கிறது. ஓரக்கண்ணால் தூணைப் பார்த்தேன். அண்ணை கணினியின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடியோக்காரரும் எட்டிப் பார்த்தார். அவர்கள் குசுகுசுத்தது மைக் இல்லாத அந்த அமைதியில் பீடம்வரை கேட்டது.

"பயமில்லை அண்ணை. இருபத்தாறு நிமிசம் காட்டுது."

"அது சொல்லும்."

"இப்ப பாருங்கோ, இருபத்தேழு! கூடியெல்லோ இருக்கு!"

"தம்பி, இது உமக்கு இண்டைக்குத்தான் பழக்கம். நான் இதோட பதினைஞ்சு வருசம். இவ்வளவு பாரத்துக்குப் பத்து நிமிசம்கூடத் தாங்காது."

சொல்லிக்கொண்டே பெரிய திரையின் வயரைப் பிடுங்கினார். சனம் "ஆ" என்றது. அப்படியும் பாரம் குறையவில்லை போலிருக்கிறது. நாலு காலில் குனிந்து வயர் போன வழியே போனார். அது மாப்பிள்ளையின் மாமியின் காலடியில் போய் முடிந்தது. மாமி படகில் வந்த தலைச்சுற்றுக்கு ஒரு குட்டி ஃபானைக் கொண்டுவந்து யாருக்கும் சொல்லாமல் செருகியிருந்தா. அண்ணை அதையும் பிடுங்கினார். மாமி அவரைப் பார்த்த பார்வையை வீடியோக்காரர் அழகாக எடுத்திருக்கிறார்.

பாதர் இரண்டாம் சாடியில் நின்றார். அண்ணை சட்டைப் பையிலிருந்து காகிதம் கிழித்து எழுதி, குனிந்தபடி பீடத்துக்கு வந்து பாதரிடம் நீட்டினார். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல்காரருக்காக, சோதனை எழுதுகிற பிள்ளைகளுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக மன்றாடச் சொல்லிச் சனம் துண்டு எழுதிக் கொடுக்கும். பாதர் வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்து, மன்றாட்டு நேரத்தில் வாசிப்பார். பாதர் அண்ணையின் துண்டையும் பார்க்காமலே வாங்கி, அன்போடு தலையை ஆட்டி, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் சாடிக்குப் போனார்.

அண்ணை தூணடிக்குத் திரும்பிப்போய் நின்றார். இப்போது யூபிஎஸ்ஸில் பாரமாக இருந்தது இரண்டே இரண்டு. கணினி, ரவுட்டர். கணினிதான் தின்கிறது. அதை நிறுத்திவிட்டால் ரவுட்டர் ஒன்றுதான். தன் போனில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று சொல்வதே அந்தக் கணினிதான். அதை நிறுத்தினால் அந்த மூலையும் போய்விடும். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, கரண்டு இல்லாத நேரத்தில், யூபிஎஸ் ஒன்றும் சொல்லாது.

அவருடைய விரல் அந்தப் பொத்தானின்மேல் நின்றது. எனக்குத் தெரியும், அவர் மனத்தில் கழித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை ஒருமுறை மூடித் திறந்து அமத்தினார். மூலையும் கோடும் நிமிடமும் எல்லாம் கறுத்துப்போயின.

போனைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் நடு வழியால் நடந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றி விட்டிருந்தார். பாதருக்குப் பக்கத்தில் வந்து, போனை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் எங்களுக்கு முன்னால் பிடித்தார். அந்தச் சின்னத் திரையில் அப்பாவின் கழுத்துப்பட்டி தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது. பாதர் அப்பாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மிச்ச மூன்று சாடியையும் கானாவூரிலேயே விட்டுவிட்டு எங்களை எழும்பச் சொன்னார்.

மைக் இல்லை, ஓர்கன் இல்லை, விசிறி இல்லை. யன்னலால் கடல் வெளிச்சம் வந்து சுவரில் அசைந்துகொண்டிருந்தது. அலையின் சத்தம் கோயிலுக்குள் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் தண்ணீருக்குள் நிற்பதுபோல நின்றேன். மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். போனுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் விக்கியது.

இனிமேல்தான் மன்றாட்டு. பாதர் புத்தகத்திலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நோயாளருக்காக ஒன்று. கடலுக்குப் போனவர்களுக்காக ஒன்று. மூன்றாவது துண்டை விரித்து அதே குரலில் வாசித்தார்.

"பாதர், நாலு நிமிசம்தான் இருக்கு, கெதியா முடியுங்கோ."

சனம் பழக்கதோஷத்தில் ஒரே குரலாகச் சொன்னது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நான் மணப்பெண் என்பதை மறந்து சிரித்தேன். பாதரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் போனைப் பார்த்து, "தகப்பன் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லலாம்" என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்தார். பதினைந்து வருடப் பழக்கம், முதலில் என்னிடம் பேசவில்லை. போனைப் பிடித்திருந்தவரிடம்தான் கேட்டார்.

"அண்ணை, எத்தினை நிமிசம் இருக்கு?"

அண்ணை தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"தெரியாது தம்பி. நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ" என்றார்.

அப்பாவுக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. முடிவு தெரியாத பேச்சு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. நெடுந்தீவில் மழையோ என்று கேட்டார். மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கால் நோ எப்படி என்று கேட்டார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிச் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கோயில் முழுவதும் காத்துக்கொண்டு நின்றது, ஒருவரும் அசையவில்லை. நேரம் எங்கேயோ போய்ப் படுத்துவிட்டதுபோல இருந்தது. அப்போது அம்மா எனக்குப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தா. சேலைத் தலைப்பைத் திருகவில்லை. தொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

"எனக்கு உங்களைப் பாக்கவேணும் போல கிடக்கு" என்றா. "வந்திடுங்கோ. எப்ப எண்டாலும் பரவாயில்லை. வந்திடுங்கோ."

அப்பா, "ஓம்" என்றார். பின்னால் சாரத்தோடு நின்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் நன்றாக, வாய்விட்டு அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

கரண்டு எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. விசிறி சுற்றத் தொடங்கிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணை போனைப் பிடித்தபடிதான் நின்றார். என் கணவர் தான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினார். அண்ணை தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

அண்ணை பிடித்த போனிலிருந்து அப்பாவின் திரையில் தெரிந்ததை அவரோடு இருக்கிற ஒருவர் அங்கே அப்படியே பதிவு செய்து அனுப்பியிருந்தார். கலியாண வீடியோவோடு அதையும் சேர்க்கச் சொன்னேன். சில நாள் கழித்து வீடியோக்காரர் போன் எடுத்துப் பேசினார்.

"அக்கா, நீங்கள் அனுப்பின வீடியோத் துண்டிலை முன்பக்கம் நல்ல வடிவு. பின்பக்கம் போகப்போகப் படம் நடுங்குது. கடைசியிலை ஒரே ஆட்டம், ஆக்களின்ரை முகமே தெரியேல்லை. வெட்டி விடட்டோ?"

"தொட்டுப் பாரும், தெரியும்" என்றேன்.

இப்போதும் அதைப் போட்டால் நான் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பார்க்கிறேன். அண்ணை எவ்வளவு நேரம் கையைக் கீழே விடாமல் நின்றார் என்பது அந்த நடுக்கத்தில்தான் எனக்குத் தெரிகிறது.